“இனி நீ பாடலாம்”: சைதாப்பேட்டை வட்டாரத்தில் முதற்கச்சேரியின் வரலாறு

கற்ற கலையை ஊரறிய முதன்முறை நிகழ்த்திக் காட்டுவதைத் தமிழ் மரபு அரங்கேற்றம் என்கிறது. இன்று இச்சொல் பெரும்பாலும் பரதநாட்டியத்தோடு சேர்த்தே பேசப்பட்டாலும், வாய்ப்பாட்டுக் கலைஞர், நாகசுரக் கலைஞர், மிருதங்கக் கலைஞர், தெருக்கூத்து ஆடுவோர், நூல் இயற்றிய புலவர் என அனைவருக்கும் உரிய பொது வழக்காகவே அது நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. வாய்ப்பாட்டில் இதனை முதற்கச்சேரி என்றும் குறிப்பிடுவர். அதற்கான ஆயத்தம் குரலைப் பண்படுத்துவதிலும் பாடல்களை நெட்டுருப் போடுவதிலும் தொடங்கினாலும் அவற்றோடு முடிந்துவிடுவதில்லை. “இனி நீ பாடலாம்” என்று சொல்லும் உரிமை உடையவர் அதைச் சொன்ன பிறகே ஆயத்தம் நிறைவுபெறுகிறது. அந்த உரிமை ஆசிரியரிடமிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து சபாக்களுக்கும், பின்னர் வானொலித் தேர்வாளர்களுக்கும் போட்டி நடுவர்களுக்கும் எவ்வாறு கைமாறியது என்பதே முதற்கச்சேரியின் வரலாறு. அடையாற்றின் வடகரையில் அமைந்த சைதாப்பேட்டையும், அதனைச் சூழ்ந்த மாம்பலம், தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளும் இம்மாற்றத்தின் பெரும்பாலான கட்டங்களை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் கண்டவை என்பதால், இவ்வட்டாரத்தை மையமாக வைத்து அவ்வரலாற்றை நோக்குவது பொருத்தமாகும்.

அவை ஏற்பு என்னும் பழைய நெறி

முதல் மேடைக்கான ஆயத்தத்தை விரிவாகப் பேசும் மிகப் பழைய தமிழ்ச் சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையாகும். மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னனின் அவையில் ஆடுகிறாள். அந்தக் காதை அவள் ஆடியதைக் காட்டிலும் அவளை ஆயத்தம் செய்தவர்களைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது: ஆடலாசான், இசையாசிரியன், பாடல் அமைக்கும் கவிஞன், தண்ணுமை என்னும் தோற்கருவியை இசைப்பவன், குழலோன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளும் தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன. 24 விரல் அளவுள்ள கோலைக் கொண்டு அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமுமாக அரங்கு அமைக்கப்படுகிறது. எழினி எனப்படும் திரைச்சீலைகள் மூவகையாகப் பொருத்தப்படுகின்றன. எல்லாம் முடிந்தபின் மன்னன் தலைக்கோல் என்னும் பட்டத்தையும், 1008 கழஞ்சு நிறையுள்ள பொன்னையும் அவளுக்கு அளிக்கிறான்.

இலக்கிய அரங்கேற்றமும் இதே நெறியில் அமைந்தது. பெரியபுராணம் தில்லையிலும் கம்பராமாயணம் திருவரங்கத்திலும் அரங்கேறியதாக மரபு கூறுகிறது. நூலைக் கேட்கும் அவையோர் ஐயம் எழுப்பவும், இயற்றியவர் விடையளிக்கவும் அந்நிகழ்வு இடம் தந்தது. ஆசிரியர் ஒருவரோ பலரோ பொறுப்பேற்று மாணவரை முன்னிறுத்துவது, விவரம் அறிந்த அவை கேட்டு ஏற்பது என்னும் இவ்விரு கூறுகளும் பிற்காலக் கருநாடக இசைக் கச்சேரிக்கு அப்படியே வந்து சேர்ந்தன. மன்னரின் இருக்கையில் அமர்ந்தவர் யார் என்பதில்தான் காலந்தோறும் மாற்றம் நிகழ்ந்தது.

ஆற்றங்கரைப் பேட்டையின் இசைச்சூழல்

சைதாப்பேட்டை நெடுங்காலம் சென்னை நகருக்கு வெளியே தனித்து நின்ற ஊர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 1726-இல் அடையாற்றின் குறுக்கே கட்டுவித்த பாலம், பரங்கிமலைக்குச் செல்லும் வழியை இவ்வூரோடு இணைத்தது. அதே இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாகவும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அமைந்த இடமாகவும் விளங்கிய இவ்வூர், 1946-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. காரணீஸ்வரர் கோயில், பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோயில் ஆகியவற்றைச் சுற்றி அமைந்த தெருக்களில் இசை என்பது நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும் பொருளாக இல்லாமல், திருவிழாவின் உடன்பிறப்பாகவே இருந்தது. தமிழகத்தின் பிற கோயிலூர்களைப் போலவே இங்கும் நாகசுரமும், தேவாரத் திருப்பதிகங்களைப் பண்ணோடு ஓதும் ஓதுவார்களின் குரலும், பெருமாள் வீதியுலாவின் முன்பும் பின்பும் செல்லும் கோஷ்டிகளும் மக்களின் காதைப் பழக்கின.

மேடை ஏறுவதற்கு முன்பே குரலைப் பொதுவெளிக்குப் பழக்கிய வழக்கம் பஜனையாகும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடும் கூட்டு வழிபாட்டு முறை இது. பத்துப் பேரின் குரலுக்குள் ஒரு சிறுவனின் குரல் தயக்கமின்றி ஒலிக்கவும், சில ஆண்டுகளில் அவனே அடியெடுத்துக் கொடுக்கும் நிலைக்கு உயரவும் பஜனைக் கூடம் வழிசெய்தது. மயிலாப்பூரில் பாபநாசம் சிவன் 1920-களிலிருந்து மார்கழி விடியற்காலையில் கபாலீஸ்வரர் கோயில் மாடவீதிகளில் நடத்திய பஜனை இவ்வகையில் புகழ்பெற்றது; அவருடைய பாடல்கள் கச்சேரி மேடைக்குப் போகுமுன் தெருவிலேயே பலர் வாயில் பழகின. நவராத்திரிக் கொலுவின்போது வீடுவீடாகச் சென்று, தாம்பூலம் பெறுமுன் ஒரு பாட்டுப் பாடும் வழக்கம் பெண் குழந்தைகளுக்கு அத்தகைய பயிற்சிக் களமாக அமைந்தது. அங்கே கேட்போர் பழகிய முகங்கள். பாட்டுத் தவறினாலும் சுண்டல் கிடைக்கும். அச்சம் தெளிவதற்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை.

குருவின் பின்னால் அமர்ந்த ஆண்டுகள்

முறையான இசைப்பயிற்சி மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த சரளி வரிசையில் தொடங்கும். சுரங்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் பாடும் இவ்வெளிய பாடத்தைத் தொடர்ந்து, சுரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசை, ஏழு தாளங்களைப் பழக்கும் அலங்காரம், கீதம், சுரஜதி, வர்ணம் என்று படிப்படியாகச் சென்று கீர்த்தனையை அடைவது வழக்கம். இவ்வரிசையை வகுத்தவர் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது இசையுலகின் நம்பிக்கை. இதனோடு அகார சாதகம் என்னும் குரற்பயிற்சியும் நடக்கும்: விடியற்காலையில் தம்புராவின் சுருதியோடு சேர்ந்து, சுரப்பெயர்களை விட்டுவிட்டு “ஆ” என்னும் ஒலியால் மட்டும் வரிசைகளை மூன்று வேகங்களில் பாடுவது இது. மந்தர ஸ்தாயி எனப்படும் கீழ்ப்பகுதியில் நின்று பாடிப் பழகிய குரலுக்குத்தான் மேற்பகுதியான தார ஸ்தாயியில் நடுக்கம் நீங்கும் என்பது ஆசிரியர்களின் அனுபவம்.

பாடல்களைக் கற்பதைவிட மேடைக்கு மிகவும் உதவியது, குருவின் கச்சேரியில் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டிப் பாடுவது. சிஷ்யர் முதலில் சுருதியை மட்டும் காப்பார். பின்னர் பல்லவியில் மெல்லக் குரல் கொடுப்பார். ஆசிரியர் மூச்சு வாங்கும் இடத்தில் வரியைத் தாங்கிப் பிடிப்பார். ஒருநாள், ராகத்தைத் தாளமின்றி விரித்துப் பாடும் ஆலாபனையில் இரண்டு சங்கதிகளைப் பாடுமாறு ஆசிரியர் திரும்பிப் பார்த்துச் சைகை காட்டுவார். ஆகவே குருகுலத்தில் வளர்ந்தவருக்கு முதற்கச்சேரி என்பது திடீரென்று வந்த சோதனையாக இராமல், ஓர் அடி முன்னால் நகர்ந்து உட்காரும் நிகழ்ச்சியாகவே இருந்தது. அந்த ஓரடிக்கும் ஆசிரியரின் உத்தரவு வேண்டும். அவர் சொல்லாமல் தனிக்கச்சேரி ஒப்புக்கொள்வது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. இம்முறையில் மாணவருக்கு இருந்த பாதுகாப்பு பெரிது. ஆயினும் ஆசிரியர் இசையாவிட்டால் மாணவருக்கு வேறு வழி இல்லை என்பதும், பிறப்பாலும் பாலாலும் பலருக்கு ஆசிரியரின் வாசற்படியே எட்டவில்லை என்பதும் அதே முறையின் மறுபக்கம்.

எடுப்பும் கணக்கும்

முதற்கச்சேரிக்குப் பாடுபவர் எதை அஞ்சுகிறார் என்பதை ஒரு சிறு நுட்பத்தைக் கொண்டு விளக்கலாம். கீர்த்தனையின் பல்லவி தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடம் எடுப்பு எனப்படும். தாளம் தொடங்கும் புள்ளிக்குச் சமம் என்று பெயர். பாடலின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்த ராகத்தின் சுரங்களை அப்போதைக்கப்போது கற்பனையால் தொடுத்துப் பாடி மீண்டும் அவ்வரியின் எடுப்பிலேயே வந்து சேர்வது கற்பனைச் சுரம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை கொண்டது. ஓர் எண்ணிக்கைக்கு நான்கு சுரம் வீதம் பாடினால், ஆவர்த்தனம் எனப்படும் ஒரு முழுச் சுற்றுக்கு 32 சுரங்கள் அமையும். பாடல் சமத்தில் தொடங்காமல் அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குவதாக இருந்தால், சமத்திலிருந்து சுரம் பாடத் தொடங்கி ஒரு சுற்றுக் கடந்து வருபவர் 32-க்குப் பதிலாக 34 சுரங்களை நிரப்பினால்தான் எடுப்பில் சரியாக வந்து விழ முடியும். அந்த 34-இல் முதல் பத்தைத் தாராளமாகப் பாடிவிட்டு, எஞ்சிய 24-ஐ எட்டெட்டாக மும்முறை அடுக்கி முடிப்பது எளிய முடிப்புகளுள் ஒன்று.

வீட்டில் நூறு முறை சரியாக வந்த இக்கணக்கு, மேடையில் வயலின் பதில் வாசிப்பும் மிருதங்கத்தின் ஓசையும் எதிரில் அமர்ந்தோரின் தாளம் போடும் கைகளும் சேரும்போது தடுமாறிவிடக்கூடும். ஆகவேதான் ஆசிரியர்கள் மாணவரைப் பாடவிட்டு எதிரில் அமர்ந்து தாளத்தை மாற்றி மாற்றித் தட்டிக் குழப்புவதையும், நடந்துகொண்டே பாடச் சொல்வதையும் பயிற்சியாகவே வைத்திருந்தனர். கணக்கு மனத்தில் எண்ணும் நிலையிலிருந்து கையில் ஊறிய பழக்கமாக மாறும்வரை அப்பயிற்சி நீளும்.

பாடல் தேர்வும் ஆயத்தத்தின் முக்கியப் பகுதி. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி முறையில், வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகளைப் பாடி, விரிவான ராக ஆலாபனையோடு கூடிய முதன்மைப் பாடலை நடுவில் வைத்து, மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்துக்கு இடம்விட்டு, பிறகு பதம், ஜாவளி, திருப்புகழ், தில்லானா போன்ற சிறு உருப்படிகளால் நிறைத்து, மங்களம் பாடி முடிப்பர். முதற்கச்சேரியில் இது ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கப்படும். அடுத்தடுத்து ஒரே சாயலுள்ள ராகங்கள் வாராமலும், எல்லாப் பாடல்களும் ஒரே தாளத்தில் அமையாமலும், குரல் சூடேறுமுன் தார ஸ்தாயியில் நிற்கும் பாடல் வந்துவிடாமலும் ஆசிரியர் பட்டியலை அமைப்பார். தொடக்கத்தில் வர்ணம் வைக்கப்படுவதற்கே அதுதான் காரணம்: அது முழுவதும் பாடம் செய்யப்பட்ட உருப்படி, புதிதாகத் தோன்ற வேண்டியது எதுவும் இல்லாததால் பாடுபவரின் மூச்சும் தாளமும் அதற்குள் நிதானத்துக்கு வந்துவிடும்.

கோயில் மேடையிலிருந்து சபாவுக்கு

19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை முதற்கச்சேரி பெரும்பாலும் கோயில் திருவிழாவிலோ, செல்வர் வீட்டுத் திருமணத்திலோ, பஜனை மடத்திலோ நடந்தது. சென்னையில் இசைக்கென்றே சபாக்கள் தோன்றத் தொடங்கியபின், கட்டணம் செலுத்திய உறுப்பினர்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த செயலாளர்களும் புதிய அவையாயினர். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக, 1928 ஆகஸ்டு 18-ஆம் நாள் மியூசிக் அகாடமி தொடங்கிவைக்கப்பட்டது. நகரமும் விரிந்தது: ஏரியை வற்றவைத்த நிலத்தில் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, சைதாப்பேட்டையில் ஏறிய இசையார்வலர் கச்சேரி முடிந்து இரவே வீடு திரும்புவது எளிதாயிற்று. பின்னர் வாணி மகாலும், 1953-இல் கிருஷ்ண கான சபாவும் தியாகராய நகரிலேயே அமைந்தன.

கோயில் மேடை அதனால் மறைந்துவிடவில்லை என்பதற்கு ஜி.என். பாலசுப்ரமணியத்தின் (1910–1965) தொடக்கமே சான்று. 1928-இல் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் வசந்த உற்சவத்தில் பாட வேண்டிய முசிறி சுப்பிரமணிய ஐயரால் வர இயலாமல் போகவே, அவருக்குப் பதிலாகக் கல்லூரி மாணவராக இருந்த ஜி.என்.பி. பாட அழைக்கப்பட்டார். நெடுங்காலக் குருகுலவாசம் செய்யாத அவர், இசையறிவு மிக்க தந்தையின் வீட்டிலும், அங்கு வந்துபோன வித்துவான்களின் பேச்சிலும், கேட்ட கச்சேரிகளிலும் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டவர். அரியக்குடியின் பாணி அவரை ஆழமாகப் பாதித்திருந்தது. அழைப்பு எதிர்பாராமல் வந்தது என்றாலும் ஆயத்தம் பல ஆண்டுகளாக நடந்துகொண்டேதான் இருந்தது. ஓர் இளைஞரின் ஆற்றலை அறிந்து அவர் பெயரை முன்மொழியக்கூடிய மூத்தோர் அருகில் இருந்ததும், பெயர்பெற்ற வித்துவானின் இடத்தில் புதியவர் ஒருவரை உட்காரவைக்கும் துணிவு கோயிலாருக்கு இருந்ததும் அந்த மாலையைச் சாத்தியமாக்கின.

பெண்களும் முதல் மேடையும்

ஆண் பாடகருக்குத் திறமையின் கேள்வியாக இருந்த முதற்கச்சேரி, பெண்களுக்குப் பல வேளைகளில் மானத்தின் கேள்வியாகத் திரிக்கப்பட்டது. இசை வேளாளர், தேவதாசி மரபுகளில் வந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக இசையைக் காத்தவர்கள்; ஆயினும் சமூகம் அவர்களின் கலையைப் போற்றிக்கொண்டே அவர்களை இழிவாக நடத்தியது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாடுவதற்கு இடமில்லாதிருந்த நிலையில், தியாகராஜரின் சமாதியைத் தம் பொருளைக் கொண்டு கோயிலாக எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952), 1927-இல் பெண்களே நடத்தும் ஆராதனையைத் தனியே தொடங்கினார். எத்தனையோ பெண்களுக்கு அப்புனிதத் தலத்தில் முதன்முறை பாடும் வாய்ப்பை அவருடைய அஞ்சாமைதான் பெற்றுத் தந்தது.

எம்.எஸ். சுப்புலட்சுமி (1916–2004) வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். மதுரை சேதுபதி பள்ளியில் தாயார் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை அழைத்துவந்து பாடச் சொன்னதே தம் முதல் மேடை என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெளிப்பார்வைக்கு ஆயத்தமே இல்லாததுபோல் தோன்றும் அந்நிகழ்வின் பின்னால், விடிந்தது முதல் இசை ஒலித்த ஒரு வீடு இருந்தது.

டி.கே. பட்டம்மாளுக்கோ (1919–2009) தடை வேறுவகையில் வந்தது. காஞ்சிபுரத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவர், தந்தை கற்பித்த சுலோகங்களைப் பாடியும், கச்சேரிகளைக் கேட்டு வந்து பாடல்களை எழுதிவைத்தும் இசையறிவை வளர்த்துக்கொண்டார். அக்காலத்தில் அத்தகைய குடும்பங்களின் பெண்கள் பொதுமேடையில் பாடுவது வழக்கத்தில் இல்லை. தந்தையின் தயக்கத்தைப் போக்குவதில் பள்ளித் தலைமையாசிரியை அம்முகுட்டி பெரும்பங்கு ஆற்றினார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் பட்டம்மாளின் முதற்கச்சேரி நடந்தது. ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட ராகம் தானம் பல்லவி என்னும் விரிவான கற்பனைப் பகுதியையும் பின்னர் அவர் மேடையில் நிலைநாட்டினார். “இனி நீ பாடலாம்” என்ற சொல் இங்கே ஓர் ஆசிரியையிடமிருந்து வந்தது என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

வானொலியும் ஒலிபெருக்கியும் கல்லூரியும்

1930-களில் ஒலிபெருக்கி கச்சேரி மேடைக்கு வந்தபோது ஆயத்தத்தின் இயல்பே மாறியது. அதற்குமுன் திறந்தவெளியில் கடைசி வரிசை வரை எட்டும் கனமான குரல் முதல் தகுதியாக இருந்தது. அதற்காகவே பலர் உயர்ந்த சுருதியில் பாடினர். சுருதியின் அளவைக் கட்டை என்று குறிப்பிடுவர். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சொல்லும் வழக்கிலிருந்து வந்த பெயர் இது. ஒலிபெருக்கி வந்தபின் தாழ்ந்த கட்டையில், நுண்ணிய கமகங்களோடு, அதாவது சுரங்களுக்கு உயிரூட்டும் அசைவுகளோடு பாடுவோரும் அவையைக் கவர முடிந்தது. மெல்லிய குரலுடையோர் பலருக்கு அது மேடைக் கதவைத் திறந்துவிட்டது.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது. 1952-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தேர்வுமுறை, பாட விரும்புவோரைக் கேட்டுத் தரம் பிரித்தது; பி கிரேடு, ஏ கிரேடு என்ற சொற்கள் இசைக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் நுழைந்தன. முகம் பார்த்துத் தலையசைக்கும் ரசிகர் இல்லாத ஒலிப்பதிவு அறையில், சிவப்பு விளக்கு எரிந்தவுடன் பாடத் தொடங்கி, குறித்த நிமிடத்தில் முடிக்க வேண்டிய கட்டுப்பாடு புதிய வகை ஆயத்தத்தைக் கோரியது.

மியூசிக் அகாடமி 1931-இல் இசை ஆசிரியர் கல்லூரியைத் தொடங்கியது. 1949-இல் அரசு நிறுவிய கருநாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வரானார். அடையாற்றில் 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரமும் இசைப்பயிற்சி அளித்தது. 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், தமிழ்ப்பாடல்கள் கச்சேரியின் வாலாக மட்டும் இராமல் உடலாகவும் அமைய வேண்டும் என்று வலியுறுத்தியபின், முதற்கச்சேரிப் பட்டியலிலும் தமிழ்க் கீர்த்தனைகளின் இடம் விரிந்தது. குருகுலத்தின் வாசல் திறவாதவர்களுக்கும் விண்ணப்பம் எழுதிச் சேரக்கூடிய இடங்கள் உருவாயின என்பதே இந்நிறுவனங்களின் பெரும் நன்மை.

பக்கவாத்தியம் என்னும் துணை

கருநாடக இசையில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் முன்கூட்டி ஒத்திகை பார்ப்பது பொது வழக்கம் இல்லை. முதற்கச்சேரி மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு: ஆசிரியர் மிருதங்கக்காரரை வீட்டுக்கு அழைத்து, மாணவருடன் ஓரிரு முறை வாசிக்கச் செய்வார். மேடையில் முதன்முறை அமர்பவருக்கு அனுபவமிக்க பக்கவாத்தியம் அமைய வேண்டும் என்பதில் ஆசிரியர்கள் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பாடகர் எடுப்பைத் தவறவிடும் தறுவாயில் மிருதங்கம் ஓர் அழுத்தமான சொல்லால் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஆலாபனையில் வழி தடைப்பட்டால் வயலின் அந்த ராகத்தின் உயிர்ச்சுரத்தைப் பிடித்து நின்று, திரும்பி வரும் பாதையைக் காட்டும். பெரிய வித்துவான்கள் சிறியவருக்கு வாசிக்க ஒப்புக்கொண்டாலே அது பாதி அங்கீகாரம். வாசித்து முடித்தபின் அவர்கள் சொல்லும் ஒரு “சபாஷ்” மறுநாள் மாடவீதி முழுவதும் பரவிவிடும்.

கச்சேரி நாளின் சடங்குகளும் இதே உறவை வெளிப்படுத்துபவை. காலையில் கோயிலில் அர்ச்சனை, ஆசிரியருக்கு வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி அல்லது புடவையோடு குருதட்சிணை, மேடையேறுமுன் அவர் காலில் விழுந்து ஆசி பெறுதல், தம்புராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல் ஆகியவை இன்றும் தொடர்கின்றன. குரலுக்காக ஒரு வாரம் முன்பே தயிரும் குளிர்பானமும் நிறுத்தப்படும். மிளகும் பனங்கற்கண்டும் சேர்த்த பால் இரவில் கிடைக்கும். இவை ஒவ்வொன்றும், பாடப்போகிறவர் தனித்து விடப்படவில்லை என்பதை வீட்டாரும் ஆசிரியரும் சொல்லாமல் சொல்லும் வழி.

ஆற்றங்கரையின் பிற குரல்கள்

முதல் மேடையின் வரலாற்றைச் சபா இசையோடு நிறுத்திவிட்டால் சைதாப்பேட்டையின் பாதியை விட்டுவிட்டதாகும். 1551-இல் போர்த்துகீசியரால் எழுப்பப்பட்ட தேவாலயம் அமைந்த சின்னமலை இவ்வூருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவுகளால் கத்தோலிக்க வழிபாடு தாய்மொழிகளில் நடக்கத் தொடங்கியபின், பாடகர் குழுவில் நின்று தமிழ்ப்பாடல் பாடுவது பல கிறித்தவக் குழந்தைகளின் முதல் பொதுப்பாட்டாயிற்று.

சென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் கானா என்னும் பாட்டுமரபு தனக்கென ஓர் அரங்கேற்ற முறையைக் கொண்டிருக்கிறது. இறந்தவர் வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடும் சாவுக் கானாவில், மூத்த பாடகரின் அருகே அமர்ந்து தாளம் தட்டிய இளைஞர், நள்ளிரவு கடந்து மூத்தவரின் குரல் தளரும் வேளையில் ஒரு பாட்டை எடுத்துப் பாடுவார். இறந்தவரின் பெயரையும் வாழ்வையும் அப்போதே பாட்டில் கோக்கும் திறமை அங்கே தேர்வு. அழுதுகொண்டிருக்கும் உறவினர்களே அவை. குருவின் பின்னால் அமர்ந்து ஓரடி முன்னால் நகரும் சபா மரபுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் நடத்திய நிகழ்ச்சி, கானா பாடகர்களை நகரம் முழுவதும் கேட்கும் மேடைக்குக் கொண்டுவந்தது. அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா, சபா இசையை மீனவர் குப்பத்தின் மேடைக்கு அழைத்து வந்தது. எந்த இசைக்கு எந்த மேடை என்று பிறப்பை வைத்து வகுத்த பழைய எல்லைகளை இத்தகைய முயற்சிகள் கேள்விக்கு உட்படுத்தின.

சிறு மேடைகளின் தேவை

இன்று மார்கழிப் பருவத்தில் சபாக்கள் நாளைப் பல கூறுகளாகப் பிரித்து, மாலை நேரத்தை மூத்தோருக்கும் பகற்பொழுதை இளையோருக்கும் ஒதுக்குகின்றன. இளையோரைக் கைதூக்கிவிடவென்றே 1985-இல் தொடங்கப்பட்ட கருநாடக இசை இளைஞர் சங்கம் போன்ற அமைப்புகளும், சபாக்கள் நடத்தும் போட்டிகளும் பலருக்கு முதல் வாய்ப்பை அளித்துள்ளன. மின்னணுச் சுருதிப்பெட்டியும், ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வசதியும், கடல் கடந்த ஆசிரியரிடம் திரைவழியே கற்கும் வழியும் பயிற்சியை எளிதாக்கிவிட்டன. இவை வரவேற்கத் தக்கவை.

ஆனால் ஆயத்தத்தின் ஒரு பகுதி இழப்புக்குள்ளாகி வருகிறது. பஜனைக் கூடம், கொலுவீடு, கோயில் மண்டபம், குருவின் பின்னிருக்கை எனச் சிறுசிறு படிகளாக ஏறிய பயணம் சுருங்கி, வகுப்பறையிலிருந்து நேரே விளக்கொளி நிறைந்த மேடைக்குத் தாவும் நிலை பெருகுகிறது. அரங்க வாடகையையும் பக்கவாத்தியச் சன்மானத்தையும் குடும்பமே ஏற்று நடத்தும் முதற்கச்சேரியில், பாடத் தகுதி உண்டா என்று கேட்கவேண்டிய அவையின் இடத்தைச் செலவு செய்யும் வசதி பிடித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. வசதியற்ற வீட்டில் பிறந்த நல்ல குரலுக்கு அது புதிய தடை. வசதியுள்ள குழந்தைக்கோ, தன் குறையை உள்ளபடி அறியும் வாய்ப்பு அதனால் கிடைக்காமல் போகிறது.

மாதவியின் காலந்தொட்டு முதல் மேடைக்கு நிலையாக வேண்டியிருந்தவை இரண்டு: பொறுப்பேற்று முன்னிறுத்தும் ஆசிரியர், விவரத்தோடும் பரிவோடும் கேட்கும் ஊர். அவற்றுள் ஆசிரியருக்கு இன்றும் குறைவில்லை. ஊர்தான் தன் பங்கை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேற்கு மாம்பலத்தின் அயோத்தியா மண்டபம் ராமநவமிக் காலத்தில் இசைக்கு இடம் தருவதைப்போல், சைதாப்பேட்டையின் கோயில் மண்டபங்களும் பள்ளிக் கூடங்களும் தேவாலயங்களும் தெருமுனைகளும் புதிதாகப் பாட வருகிறவருக்கு மாதம் ஒரு மாலையை ஒதுக்குவது செய்ய முடியாத காரியமன்று. பாடுகிறவரிடம் பணம் கேட்காத, கேட்கிறவரிடமும் கட்டணம் வாங்காத அத்தகைய மேடைகள் பெருகினால், “இனி நீ பாடலாம்” என்று சொல்லும் உரிமை மீண்டும் அக்கம்பக்கத்தாரின் கைக்கு வரும்; அவர்கள் அதைப் பிறப்பும் பொருளும் பாராமல் சொல்லக் கற்றுக்கொண்டால், முற்கால அவைகள் செய்யத் தவறியதையும் இக்காலம் செய்து முடித்ததாகும்.